நாட்டுக்காக ஆடும் வாரத்துக்கு யார் செலவு செய்வது?

கேள்வி இது: "2024-ல் டென்னிஸ் வீரர் சுமித் நாகல், நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையில் ஆட மறுத்தார், ஆடுவதற்கு ஆண்டுக்கு 50,000 டாலர் கேட்டார் என்று செய்தி வந்தது. நாட்டுக்காக ஆடப் பணம் கேட்கலாமா? எந்தக் கிரிக்கெட் வீரராவது இப்படிச் செய்வாரா?"

கிரிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன். குழப்பத்தில் பாதி அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. இந்தியக் கிரிக்கெட் வீரருக்கு முதலாளி கிரிக்கெட் வாரியம். 2024-ல் வாரியத்தின் உச்ச நிலை ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7 கோடி ரூபாய். ஒரு டெஸ்ட்டில் ஆடும் பதினொருவரில் இடம்பெற்றால் 15 லட்சம். விமானம், ஓட்டல், பயிற்சியாளர், பிசியோ, காயம்பட்டால் சிகிச்சை எல்லாமே வாரியத்தின் பொறுப்பு. ஐ.பி.எல். ஏலத்தில் விலை ஏறுவதற்கும் இந்திய அணியில் ஆடியதே பெரிய சிபாரிசு. அங்கே நாட்டுக்காக ஆடுவதுதான் பிழைப்பு.

டென்னிஸ் வீரருக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. பயிற்சியாளரின் சம்பளம், அவருடைய விமான டிக்கெட், ஓட்டல் அறை, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் கூலி வரை அவர் கையிலிருந்துதான் போகும். திங்கட்கிழமை தோற்றால் அந்த வாரத்தின் வருமானம் அதோடு முடிந்தது, செலவு முடியாது. 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரராக இருந்த நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று செய்தியாளரிடம் சொன்னார். ஒரே ஒரு பயிற்சியாளருடன் ஆண்டு முழுக்கச் சுற்றிவர 80 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஆகிறது என்பதும் அவர் சொன்ன கணக்கு. பிசியோ அதில் சேர்த்தி இல்லை.

இதோடு தரவரிசை எப்படி இயங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு போட்டியில் கிடைத்த புள்ளிகள் 52 வாரம்தான் உயிரோடு இருக்கும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் ஒரு பட்டம் வென்றிருந்தால், இந்த ஆண்டு அந்த வாரத்தில் அந்தப் புள்ளிகள் கழிந்துவிடும். ஈடுகட்டாவிட்டால் சரிவுதான். கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஒவ்வொன்றின் 128 பேர் பட்டியலிலும் தரவரிசையை வைத்து நேரடியாக இடம் பெறுபவர்கள் 104 பேர். மீதி இடங்கள் தகுதிச்சுற்றில் வென்று வருபவர்களுக்கும் போட்டி நடத்துபவர்கள் தரும் வைல்டு கார்டு என்ற சிறப்பு அனுமதி பெற்றவர்களுக்கும். 2024 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைத்தது 60,000 பவுண்டு. உலகின் 95-ஆவது வீரருக்கும் 125-ஆவது வீரருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். டேவிஸ் கோப்பைக்கும் 2009 முதல் 2015 வரை தரவரிசைப் புள்ளிகள் கொடுத்துப் பார்த்தார்கள், 2016-லிருந்து அதுவும் இல்லை.

டேவிஸ் கோப்பை எந்த வாரங்களில் வருகிறது? ஆஸ்திரேலிய ஓபன் முடிந்ததும் ஒரு முறை, அமெரிக்க ஓபன் முடிந்ததும் ஒரு முறை, ஆண்டின் கடைசிப் போட்டி முடிந்ததும் ஒரு முறை. வீரர் மிகவும் களைத்திருக்கும் வாரங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுபோல் இருக்கும். போதாக்குறைக்கு எதிரணியின் ஊரில் ஆட வேண்டியிருந்தால் தரையை முடிவு செய்வதும் அவர்களே. கடினத் தரையில் ஒரு மாதம் ஆடிய கால்களைக் கொண்டுபோய்ப் புல்தரையிலோ களிமண்ணிலோ இரண்டு நாள் இறக்கிவிட்டு, மறுபடி கடினத் தரைக்குத் திரும்ப வேண்டும். இடுப்பும் முழங்காலும் அதற்கு வட்டி கேட்கும்.

இப்போது நாகலின் 2024 பிப்ரவரியைப் பார்ப்போம். இந்திய அணிக்கு அறுபது ஆண்டுகளில் முதல் முறையாகப் பாகிஸ்தான் பயணம். பிப்ரவரி 3, 4 தேதிகளில் இஸ்லாமாபாத்தில், புல்தரையில் ஆட்டம். நாகல் வரவில்லை என்றார், சசிகுமார் முகுந்தும் வரவில்லை என்றார். நாகலுக்கு அதற்கான தண்டனை முன்கூட்டியே வந்துவிட்டது. ஆஸ்திரேலிய ஓபனில் ஆசிய பசிபிக் வீரர்களுக்கான வைல்டு கார்டு போட்டிக்கு அகில இந்திய டென்னிஸ் சங்கம் அவர் பெயரை அனுப்பவில்லை. ஆகவே அவர் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டங்கள் வென்று உள்ளே போனார். முதல் சுற்றில், போட்டியின் முன்னணி வீரர்களுக்குத் தரப்படும் தரநிலையில் 31-ஆம் இடம் பெற்றிருந்த அலெக்சாண்டர் பப்ளிக்கை மூன்று நேர் செட்களில் வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இந்தியர் தோற்கடித்தது 1989-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1989-ல் அதே ஆஸ்திரேலியாவில் மாட்ஸ் விலாண்டரை வென்றவர் நம் ரமேஷ் கிருஷ்ணன். நாகலுக்கு இரண்டாம் சுற்றுப் பணமாக 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய், அதாவது ஓராண்டுச் செலவு.

இஸ்லாமாபாத் ஆட்டம் முடிந்த மறுநாள், பிப்ரவரி 5 அன்று, சென்னை நுங்கம்பாக்கத்தில், பெரிய போட்டிகளுக்கு அடுத்த நிலையான சேலஞ்சர் போட்டி தொடங்கியது. கடினத் தரை, பட்டத்துக்கு 100 புள்ளிகள். நாகல் பட்டம் வென்றார். அந்த ஒரு வாரத்தில் 121-ஆம் இடத்திலிருந்து 98-ஆம் இடத்துக்கு ஏறினார். அவர் இல்லாமல் போன இந்திய அணியும் தோற்கவில்லை. ராம்குமார் ராமநாதனும் ஸ்ரீராம் பாலாஜியும் ஒற்றையர் ஆட, 4-0 என்று வென்று திரும்பியது. அந்த நூற்றுக்குள் நுழைந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாகல் அந்த ஆண்டு பெரிய போட்டிகளின் பிரதான சுற்றுகளில் ஆடினார், ஜூலையில் 68 வரை போனார், பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். இஸ்லாமாபாத் புல்லில் இரண்டு நாள் ஆடிவிட்டு சென்னைக்கு ஓடி வந்து இதையே செய்திருப்பாரா? செய்திருக்கலாம். ஆனால் அந்தப் பந்தயத்தில் இழப்பு வந்தால் அவருக்குத்தான், சங்கத்துக்கு இல்லை.

செப்டம்பர் விவகாரம் வேறு மாதிரி. அமெரிக்க ஓபன் முடிந்த அடுத்த வார இறுதியில் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனுடன் ஆட்டம். முதுகுவலி என்று நாகல் விலகினார். இந்தியா 0-4 என்று தோற்றது. அதன்பின் சங்கத் தலைவர், நாகல் ஆண்டுக்கு 50,000 டாலர் கேட்டார், கொடுக்காவிட்டால் ஆடமாட்டேன் என்றார் என்று வெளியில் சொன்னார். அன்றைய மதிப்பில் 42 லட்சம் ரூபாய். நாகல் மறுக்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு அவர்களுடைய ஆட்டத்துக்கு ஊதியம் தருவது வழக்கத்தில் உள்ளதுதான், நாட்டுக்கு ஆடும்போதும் அப்படித்தான், இது சொந்த லாபத்துக்கு அல்ல என்று பதில் எழுதினார். முதுகுவலி என்று விலகியதும் பணம் பற்றிய பேச்சும் ஒரே வாரத்தில் வெளியே வந்ததால் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. என் அபிப்பிராயம்: கேட்டதில் தவறில்லை. ஓராண்டுச் செலவில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். அறைக்குள் பேசி முடிக்க வேண்டிய பேரத்தை, தோற்ற கையோடு தெருவுக்குக் கொண்டுவந்தது சங்கத்துக்கு அழகல்ல.

"அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்தில் விதியே வேறு. பணம் வாங்கி ஆடும் தொழில்முறை வீரருக்கு டேவிஸ் கோப்பையில் இடமே கிடையாது. 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணனுக்கு, அதற்கு முன்பே 1959-ல், ஜாக் கிரேமர் தன் தொழில்முறைக் குழுவில் சேர மூன்று ஆண்டுக்கு 1,50,000 டாலர் தருவதாகச் சொன்னார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். மறுத்ததால்தான் 1966 டிசம்பரில் கல்கத்தா புல்தரையில் பிரேசிலின் தாமஸ் கோக்குக்கு எதிராக, வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அந்த ஐந்தாவது ஆட்டத்தை ஆட அவர் இருந்தார். இரண்டுக்கு ஒன்று என்று செட்களில் பின்தங்கி, நான்காவது செட்டில் 2-5 என்று இருந்த நிலையிலிருந்து மீண்டு, 7-5, 6-2 என்று முடித்து இந்தியாவை முதல் முறையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். அது பெரிய தியாகம். இன்று யாரையும் அப்படிச் செய் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

தொழில்முறை வீரர்களுக்குக் கதவு திறந்தது 1973-ல்தான். திறந்த அதே ஆண்டில் முதல் பெரிய சண்டையும் வந்தது. யூகோஸ்லாவியாவின் நிகோலா பிலிச், நியூசிலாந்துக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்துக்கு வர மறுத்தார் என்று அவருடைய சங்கம் ஒன்பது மாதத் தடை போட்டது. அவருக்கு அப்போது வேறொரு இரட்டையர் போட்டியில் ஆட வேண்டிய கடமை இருந்தது. வருவதாக உறுதி கொடுக்கவே இல்லை என்றார் அவர். சர்வதேசக் கூட்டமைப்பு தடையை ஒரு மாதமாகக் குறைத்தது, ஆனால் அந்த மாதத்துக்குள் விம்பிள்டன் வந்துவிட்டது. புதிதாகத் தொடங்கியிருந்த வீரர்கள் சங்கம் பிலிச்சின் பக்கம் நின்றது. 81 வீரர்கள் விம்பிள்டனைப் புறக்கணித்தார்கள், தரநிலை பெற்ற 16 பேரில் 13 பேர் வரவில்லை. அந்த ஆண்டு காலிறுதியில் யான் கோடெஸிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றவர் சென்னையின் விஜய் அமிர்தராஜ். கோடெஸ் பட்டம் வென்றார். வீரரின் நாட்காட்டி யாருடையது என்ற கேள்விக்கு அன்றைக்கே வீரர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் நம் சங்கங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய நட்சத்திரங்களுக்கும் சிக்கல் உண்டு. 1995 டிசம்பரில் மாஸ்கோவில் ரஷ்யாவுக்கு எதிரான இறுதிச் சுற்று. அமெரிக்காவின் பீட் சாம்ப்ராசுக்குப் பிடிக்காத களிமண் தரை. அரங்குக்குள்ளேயே அதைப் போட்டிருந்தார்கள். முதல் நாள் செஸ்னோகோவை ஐந்து செட்களில் வென்ற அந்த நொடியிலேயே தசைப்பிடிப்பில் சரிந்தார். கைகுலுக்கக்கூட வலைக்குப் போக முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, கால்கள் தரையில் இழுபட வெளியே கொண்டுபோனார்கள். மறுநாள் இரட்டையரில் வந்து வென்றார். அதற்கு மறுநாள் கஃபெல்னிகோவை நேர் செட்களில் வென்று கோப்பையை முடித்துக் கொடுத்தார். பிற்காலத்தில் சாம்ப்ராஸ் டேவிஸ் கோப்பையைப் பலமுறை தவிர்த்தார். அந்த மூன்று நாளை நினைத்தால் குறை சொல்ல வாய் வராது. 2014-ல் ஃபெடரர் முதுகுவலியால் லண்டனில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியின் இறுதி ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் பிரான்சின் லில் நகரில் ஸ்விட்சர்லாந்துக்கு முதல் கோப்பையை வென்று கொடுத்தார். 2023 செப்டம்பரில் யானிக் சின்னர் இத்தாலி அணிக்கு ஆடாமல் ஓய்வெடுத்தார், பத்திரிகைகள் கிழித்தன. அதே நவம்பரில் மலகாவில் ஜோகோவிச்சின் மூன்று வெற்றிப் புள்ளிகளைத் தடுத்து ஒற்றையரில் வென்று, அன்றே இரட்டையரிலும் அவரை வீழ்த்தினார். இத்தாலி கோப்பையைத் தூக்கியது. 2025-ல் மறுபடி வரமாட்டேன் என்றார். அவர் இல்லாமலே இத்தாலி வென்றது.

ஆனால் இவர்களை வைத்து விவாதம் செய்வதால்தான் விஷயம் திசைமாறுகிறது. ஃபெடரருக்கும் சின்னருக்கும் ஒரு வாரத்தை விடுவது களைப்புக் கணக்கு. 80-க்கும் 200-க்கும் நடுவில் இருப்பவருக்கு அது சோற்றுக் கணக்கு. இந்திய ஒற்றையர் வீரர்கள் பெரும்பாலும் பல ஆண்டுகளாக இந்த இரண்டாவது கூட்டத்திலோ அதற்கும் கீழேயோதான் இருக்கிறார்கள். அமெரிக்க, பிரெஞ்சு அணிகளில் ஒருவர் வராவிட்டால் முதல் ஐம்பதில் இன்னொருவர் இருப்பார். நமக்கு ஒருவர் வராவிட்டால் இரட்டையர் வீரரை ஒற்றையரில் இறக்க வேண்டியிருக்கிறது. ஸ்டாக்ஹோமில் பாலாஜிக்கு நேர்ந்தது அதுதான். ஆகவே நம் வீரர்மீது விழும் நெருக்கடியும் அதிகம், அவர் தாங்கும் சக்தியும் குறைவு.

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. டேவிஸ் கோப்பை வீரருக்குத் தருவதும் உண்டு. லியாண்டர் பயஸ் ஒற்றையர் தரவரிசையில் 73-க்கு மேல் போனதில்லை. அதே பயஸ் 1995-ல் டெல்லிப் புல்தரையில் கோரான் இவானிசெவிச்சை இரண்டு செட் பின்தங்கிய நிலையிலிருந்து வென்றார். 2018-ல் சீனாவின் தியான்ஜினில் ரோஹன் போபண்ணாவுடன் சேர்ந்து 43-ஆவது இரட்டையர் வெற்றியைப் பெற்று இத்தாலியின் நிகோலா பியத்ராஞ்சேலியின் உலக சாதனையைத் தாண்டினார். தனி ஆட்டத்தில் வராத ஒரு ஆவேசம் அணிச் சட்டையில் அவருக்கு வந்தது. அதற்கு மதிப்புப் போட முடியாது. ஆனால் பயஸை அளவுகோலாக வைத்து மற்றவர்களை அளந்ததும் ஒரு அநியாயம்தான். இரட்டையர் வீரருக்குத் தரை மாறினாலும் உடல் தேய்மானம் குறைவு, ஆட்டக்காலமும் நீளம்.

ஒற்றையர், இரட்டையர் இரண்டையும் ஒரே உடம்பில் தாங்கியவர் ஒருவரைச் சொல்லலாம். 2010 செப்டம்பர் 10 அன்று நியூயார்க்கில் அமெரிக்க ஓபன் இரட்டையர் இறுதியில், பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியுடன் ஆடி பிரையன் சகோதரர்களிடம் தோற்றார் ரோஹன் போபண்ணா. அடுத்த வெள்ளி, 17-ஆம் தேதி, அவர் நுங்கம்பாக்கத்தில் பிரேசிலுக்கு எதிராக ஒற்றையர் ஆடிக்கொண்டிருந்தார். பெலுச்சியிடம் ஐந்து செட், தோல்வி. சோம்தேவ் தேவ்வர்மனும் மெல்லோவிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார். இந்தியா 0-2. சனிக்கிழமை பயஸ், பூபதி ஜோடி வென்றது. ஞாயிறு அன்று சென்னையின் செப்டம்பர் வெயில் இந்தியாவுக்காக ஆடியது என்றே சொல்லலாம், பெலுச்சி சோம்தேவுக்கு எதிராக இரண்டாவது செட்டில் கைவிட்டார். கடைசி ஆட்டத்தில் போபண்ணா மெல்லோவை நேர் செட்களில் முடித்தார். 3-2. அன்றைய கூட்டம் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் டேவிஸ் கோப்பை வீண்வேலை என்று சொல்லமாட்டார்கள்.

அந்த அணியே மூன்று ஆண்டு தாங்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யார் யாருடன் ஜோடி சேர்வது என்ற சண்டை முதலில் வந்தது. பிறகு சோம்தேவ் தலைமையில் பதினொரு வீரர்கள் சேர்ந்து, கேப்டன் மாற்றம், பிசியோ, விமானப் பயண வகுப்பு, பரிசுத் தொகையில் பங்கு என்று கோரிக்கை வைத்தார்கள். 2013 பிப்ரவரியில் தென்கொரியாவுக்கு எதிராக டெல்லியில் பயஸுடன் புதுமுகங்களை இறக்கிய இந்தியா 1-4 என்று தோற்றது. பிசியோ வேண்டும் என்று கேட்பதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் கேட்டதில் பல கிடைத்தன, அந்த ஆண்டு முடிவில் ஆனந்த் அமிர்தராஜ் கேப்டனாகவும் வந்தார்.

வீரரைக் கட்டிப்போடும் கயிறு ஒன்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஆட வேண்டுமானால் அந்த நான்காண்டுக் காலத்தில் குறிப்பிட்ட சில முறையாவது நாட்டின் அணிக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் அதேதான். ஆடாமல் தவிர்ப்பவர்கள்கூட ஒலிம்பிக் நெருங்கும்போது வந்து தலைகாட்டுவதற்குக் காரணம் இதுதான். விதி கொண்டுவந்து நிறுத்தும், முழு மனதோடு ஆடவைக்காது.

2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்ததைப் பாருங்கள். இரண்டு ஆண்டு கழித்து நாகல் அணிக்குத் திரும்பினார், இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். முதல் நாள் யாரும் எதிர்பாராமல் கேப்டன் ரோஹித் ராஜ்பால் இறக்கிய மதுரைப் பையன் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், தரவரிசையில் 600-க்கும் கீழே இருந்துகொண்டு, ஜெரோம் கிம்மை நேர் செட்களில் வீழ்த்தினார். இந்தியா 3-1. ஐரோப்பிய மண்ணில் ஐரோப்பிய அணி ஒன்றை இந்தியா வென்றது 1993-ல் பிரான்சை வென்றதற்குப் பிறகு அப்போதுதான். ஓராண்டுக்கு முன் துரோகி என்று எழுதியவர்கள் அன்று நாகலுக்குப் பூமாலை போட்டார்கள்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். சங்கம் செய்ய வேண்டியது, முதல் ஆறேழு வீரர்களுடன் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போடுவது. எந்த இரண்டு வாரம் வேண்டும், அதற்கு எவ்வளவு, காயம் என்றால் யார் பரிசோதிப்பார், சொந்த மண்ணில் ஆடினால் தரை எது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். வைல்டு கார்டைப் பிடித்துவைத்து மிரட்டுவதை விட இது மலிவானது. சுரேஷ் அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடி வளர்ந்தவர், விமான டிக்கெட்டுக்கும் பயிற்சியாளருக்கும் கல்லூரி பார்த்துக்கொண்ட காலம் அது. தொழில்முறைச் சுற்றில் அவர் நூறை நோக்கி ஏறத் தொடங்கும்போது, ஏதாவது ஒரு பிப்ரவரியில் அவரிடமும் இதே இரண்டு நாளைச் சங்கம் கேட்கும். அந்த ஒப்பந்தத்தை அதற்கு முன் எழுதிவிடுவது நல்லது.